முதுகு காட்டும் காட்சி

டப்பிங் அறையில் ஏசி ஓடியும் அவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை.

பனி கொட்டும் ஏதோ வெளிநாட்டு ஊரில் நடக்கும் துப்பறியும் தொடர் அது. அதில் பணக்கார வீட்டு வேலைக்காரிக்குக் குரல் கொடுப்பவள் அவள். கொலைகாரன் யாரென்று தெரிவதற்குள், பார்க்க ஆளில்லை என்று அந்த நாட்டிலேயே தொடரை ஊத்தி மூடிவிட்டார்கள். காசு போட்டு வாங்கிய சேனல் சும்மா இருக்குமா? எல்லாரும் 'அவசரம்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் மேனேஜர் ஒரு முடிவோடு வந்துவிட்டார். பழைய எபிசோடில் வேலைக்காரி முதுகைக் காட்டிப் பாத்திரம் கழுவுகிறாள். வாய் தெரியாத இடத்தில் எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம். "ஐயா, நான்தான் கொன்னேன்" என்று அழுதால் கதை முடிந்தது.

"இவ கொன்னதா எங்கயுமே இல்லையே சார்," என்றாள்.

"வேலைக்காரின்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கம்மா. நீ பேசலைன்னா வேற ஆள் பேசும்."

மனுஷன் முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் வேண்டுமே! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அடுத்த தொடருக்கும் ஆள் எடுப்பவர் அவர்தான் என்பதால் மென்று விழுங்கினாள்.

வீட்டில் அம்மாவுக்கு இந்தத் தொடரென்றால் உயிர். அம்மா ஊரார் வீட்டில் பாத்திரம் தேய்த்தே இவளை ஆளாக்கியவள். ஒரு வீட்டில் வளையல் காணோம் என்று நாள் முழுக்க நிற்கவைத்து விசாரித்தார்கள். கடைசியில் அது மெத்தைக்கடியில் கிடந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. தொடரில் வரும் துப்பறிவாளரோ எதைக் கேட்பதற்கு முன்பும் வேலைக்காரிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார். "பாரேன், உட்காரச் சொல்றான்" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் புதிதாய்ப் பார்ப்பதுபோல் சொல்வாள்.

அவசரம் சொன்னதை அவள் மைக்கில் பேசினாள். முதல் தடவையே ஓகே ஆனது. அழுகை தத்ரூபம் என்று அவசரம் மெச்சிக்கொண்டார். அவரைவிடத் தன் தொண்டைமேல்தான் அவளுக்கு அருவருப்பு அதிகமாக இருந்தது. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தும் போகவில்லை.

கடைசி எபிசோட் அன்று முன்கூட்டியே சொல்லிவிட நினைத்து, சொல்லாமல் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் அந்த முதுகு வந்தது. கூடவே மகளின் அழுகையும் வந்தது.

அம்மா டிவியை அணைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். பிறகு திரும்பாமலேயே கேட்டாள்:

"அப்ப அந்த நாற்காலியைப் போட்டதெல்லாம், இவ வாயைப் பிடுங்கத்தானா?"