விஜயராணி கேட்ட வீடு

தான் செத்துப்போன செய்தி விஜயராணிக்கு ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் தெரியவந்தது. அப்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து, யாரோ வாழையிலையில் வைத்துவிட்டுப் போயிருந்த எலுமிச்சம்பழச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலைக்குப் பக்கத்தில் ஒரு சுருட்டு, ஒரு டசன் கண்ணாடி வளையல், பாதி எரிந்த ஊதுவத்தி.

"மொதல்ல அதத் துப்புங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக் கங்கா. கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கி ஓடி வந்திருந்தாள்.

"ஏன்? சோறு நல்லாத்தான் இருக்கு. உப்புதான் கொஞ்சம் கம்மி."

"அது பேய்க்கு வச்ச சோறு."

"எந்தப் பேய்க்கு?"

கங்கா கைப்பேசியை நீட்டினாள். "ஒங்களுக்குத்தான்."

படத்தில் அவர்கள் குடியிருந்த ஏழாங்கட்டைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகள் இருட்டில் தெரிந்தன. பின்னணியில் யாரோ ஒருத்தி தொண்டை கட்டிய குரலில் அழுதாள். அப்புறம் வெள்ளை நைட்டியில், தலைவிரி கோலமாக, கையில் விளக்கோடு ஓர் உருவம் குனிந்து நிமிர்ந்தது. வேறு யாருமில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, வாளியில் தண்ணீர் எடுத்து வந்த விஜயராணிதான். வெள்ளைக்காரத் துரையால் கெட்டுப்போய் ரப்பர் மரத்தில் தொங்கிய தோட்டத்து அழகி என்று கீழே எழுதியிருந்தது. பதினோரு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"கடைசித் துரை கப்பலேறினப்ப எனக்கு நாலு வயசு," என்றாள் விஜயராணி. பிறகு, அழகி என்ற இடத்தை இன்னொரு தரம் காட்டச் சொன்னாள்.

படம் பிடித்தவனை அவளுக்கு ஞாபகம் இருந்தது. புக்கிட் செந்தோசாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஆன்ட்ரூ. அதில் வரும் காசு பெட்ரோலுக்கே சரியாகப் போவதால், ஓய்ந்த நேரத்தில் பேய் தேடுகிறான். "யாருப்பா?" என்று அவள் கேட்டதும் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். செருப்பை எடுத்து வைத்திருக்கிறாள்.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. லயத்தில் ஆளில்லை என்று, அவன் வருவதற்கு முன்பே தோட்டக் கம்பெனி எழுதி வைத்துவிட்டது. செம்பனை மரங்களை வெட்டித் தாமான் என்கிற புது வீட்டுக் குடியிருப்பு கட்டும்போது பழைய ஆட்களுக்கு ஆளுக்கொரு வீடு என்பது இருபது வருஷத்துப் பேச்சு. கட்டி முடிக்கிற நேரத்தில் லயத்தைப் பார்வையிடக் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். பகல் பதினொரு மணிக்கு வந்தார். அந்நேரத்தில் லயத்தில் யார் இருப்பார்கள்? இருந்த பன்னிரண்டு குடும்பமும் வேலைக்குப் போயிருந்தது. ஒரு நாய் இருந்தது. கொடியில் விஜயராணியின் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் அவர் எழுதவில்லை. ஆளில்லாத வீட்டுக்குக் கரண்டும் தண்ணீரும் எதற்கு என்று அடுத்த மாதமே வெட்டிவிட்டார்கள். நியாயம்தானே.

விஜயராணி ஒன்பது மனு எழுதினாள். கோலா சிலாங்கூர் மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் கோலா குபு பாருவுக்குப் போ என்றார்கள். அங்கே போனால் இது எங்கள் மாவட்டமில்லை என்றார்கள். தேர்தலுக்குத் தேர்தல் இரண்டு கட்சிக்காரர்களும் வந்து, அரிசிப் பையைக் கையில் கொடுத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். அரிசி பத்து நாளைக்கு வந்தது. படம் இன்னும் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால், லயத்தில் பேய் இல்லாமலும் இல்லை. காலி வீடுகளின் கதவைக் காற்று திறக்கும், காற்றே மூடும். விடியும் முன்னே கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிட்டு ஆள் எண்ணிய பெரட்டுத் திடல் இப்போது வெறும் சிவப்பு மண். அந்த மண்ணிலிருந்து பேர் கூப்பிடும் சத்தம் விஜயராணிக்கு மட்டும் கேட்கும். எப்போதும் முதல் பேர் அவள் புருஷன் சோமு. பதினெட்டு வருஷம் முகமூடி இல்லாமல் களைக்கு மருந்தடித்தவன். நெஞ்சு காய்ந்து செத்த அன்று காலையிலும் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். பதில் வராததால், ஆள் வரவில்லை என்று கிராணி எழுதிக்கொண்டார். அதுவும் பொய்யில்லை.

செவ்வாய்க்குப் பிறகு சோற்றுக்குப் பஞ்சமில்லை. கார் போட்டுக்கொண்டு வந்தார்கள். முட்டை வந்தது, கோழி வந்தது, வெள்ளிக்கிழமை ஒரு சிவப்புப் பட்டுப்புடவை வந்தது. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். மனுஷியாக இருந்த அறுபது வருஷத்தில் யாரும் அவளுக்குப் பட்டு எடுத்துக் கொடுத்ததில்லை. வந்ததையெல்லாம் அவள் பன்னிரண்டாகப் பங்கு போட்டாள். "நீங்க செத்தது கூட்டுறவுச் சங்கம் மாதிரி நல்லாத்தான்லா இருக்கு," என்றாள் கங்கா.

ஆனால் தாமானில் வீடு பதிந்து வைத்திருந்தவர்களில் மூன்று பேர் பேய்க்குப் பயந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நான்காவது ஆள் வாசல்வரை வந்து, காரை விட்டே இறங்கவில்லை. ஒன்பது மனுவுக்கு அசையாத கம்பெனி நான்கே நாளில் அசைந்தது. பாசிர் பெனம்பாங்கிலிருந்து ஒரு பூசாரியை வரவழைத்தது. ஏற்பாடு முழுவதும் திருச்செல்வம். பெரட்டில் பேர் கூப்பிட்ட அதே கிராணியின் மகன். இப்போது கம்பெனியில் மக்கள் தொடர்பு அதிகாரி. மக்களிடம் தொடர்பு கொண்டால் சிக்கல் என்று பேயோடு தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, உச்சிப்பொழுது. சிவப்பு மண்ணில் கோலம், எலுமிச்சை, பூசணி. வீடு வாங்க வந்தவர்கள் குடை பிடித்து நின்றார்கள். ஆன்ட்ரூ நேரலைக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தான். விஜயராணி போய் அவன் செருப்பைக் கொடுத்தாள். அவன் செருப்பைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டடி பின்வாங்கினான், படத்தை மட்டும் நிறுத்தவில்லை.

பூசாரி உடுக்கையை அடித்து அழைத்தார். பேய் பிடித்து ஆடுவதற்கென்று கூட்டிவந்த பெண் வெயிலில் தலைசுற்றி வேனில் படுத்துவிட்டாள். அரை மணி நேரம் அழைத்தும் யார் மீதும் எதுவும் வரவில்லை. பூசாரிக்குக் குரல் கம்மிவிட்டது.

விஜயராணி கொண்டையை அவிழ்த்துக்கொண்டு கோலத்துக்குள் போனாள். அவளுக்குச் சாமியும் வரவில்லை, பேயும் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது. அது நெடுநாளாக உள்ளேயே குடியிருந்தது.

"யார் நீ?" என்றார் பூசாரி.

"சோமு பொஞ்சாதி விஜயராணி. பதினாலாம் நம்பர் வீடு."

"தனியா வந்தியா? கூட யாரும் உண்டா?"

அவள் பெரட்டுக் கிராணி மாதிரி நிமிர்ந்து நின்று பேர் கூப்பிடத் தொடங்கினாள். முதலில் கங்கா. "இருக்கேன்," என்று கங்கா கூட்டத்திலிருந்து வந்து மண்ணில் நின்றாள். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராக, இருக்கேன் என்று சொல்லி வரிசையில் வந்து நின்றார்கள். கடைசியில், பழக்கதோஷத்தில், சோமு என்றாள்.

"இருக்கேன்" என்று ஒரு சத்தம், ஆளே நிற்காத பக்கத்திலிருந்து வந்தது. ஆன்ட்ரூவின் படத்தில் அது பதிவாகியிருக்கிறது. கேட்டவர்களில் பாதிப் பேர் மைனா என்கிறார்கள். திருச்செல்வம் அங்கேயே வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பூசாரி தொழில் தெரிந்தவர். முறைப்படி அடுத்த கேள்வியைக் கேட்டார். "என்ன குடுத்தா போவே? ஆடா, கோழியா?"

"வீடு. கரண்டு. தண்ணி. கிராணி மவன் கையால சத்தியம்."

பேய் கேட்டதைக் கொடுக்காவிட்டால், அது யாரிடம் கேட்டதோ அந்த ஆளோடேயே வீட்டுக்குப் போகும் என்று பூசாரிகள் சொல்வது வழக்கம். அதை அவர் திருச்செல்வத்துக்கு விளக்கிச் சொன்னார். நேரலையில் இரண்டு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, திருச்செல்வம் எரிகிற சூடத்தின் மேல் கையடித்துக் கொடுத்தார்.

வீடு மூன்றே வாரத்தில் எழும்பிவிட்டது. தாமான் நுழைவாயிலில், மூன்றடிக்கு மூன்றடி. பளிங்குத் தரை, ஓட்டுக் கூரை, பித்தளைக் கதவு. உள்ளே சிவப்புப் பட்டு உடுத்திய ஒரு சின்னச் சிலை. விஜயராணி அம்மன் என்று பலகை. பின்சுவரில் தண்ணீர்க் குழாய், புது மீட்டர், இரண்டு பிளக். இணைப்புக்கு மனுப் போட்ட இரண்டாம் நாளே கரண்டு வந்துவிட்டது. வேண்டாம் என்று போனவர்கள் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்கள். லயத்தை இடிக்கத் தேதி குறித்தாயிற்று.

விஜயராணி அந்த வீட்டைச் சுற்றி வந்து பார்த்தாள். தலை நுழையும், தோள் நுழையாது. பலகையில் இருந்த தன் பேரை விரலால் தடவினாள். நடந்து லயத்துக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது இடுப்பில் ரைஸ் குக்கர் இருந்தது. அரிசியைக் குழாயில் கழுவினாள், பிளக்கில் சொருகினாள், பளிங்குப் படியில் உட்கார்ந்தாள். தாமான் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா அவசரமாகத் திருச்செல்வத்தைக் கூப்பிட்டான். அவர் காரிலிருந்து இறங்கியபோது, வீடு பார்க்க வந்த ஒரு புருஷன் பெண்சாதி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிலையையா, அவளையா என்று தெரியவில்லை. அவர்களை வைத்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்க முடியுமா?

"என்னக்கா இது?" என்றார் மெதுவாக.

"என் வீட்டுல நான் சோறாக்குறேன் தம்பி. பேரு போட்டிருக்கே, நீங்கதான போட்டீங்க."

லயத்துச் செம்மண் பாதையில் கங்கா வந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால் வரிசையாக மற்றவர்கள், பெரட்டுக்கு வருகிற மாதிரி. ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு குக்கர். ஒருவன் நீளமான வயர்ச் சுருளைத் தோளில் மாட்டியிருந்தான்.

திருச்செல்வம் அவர்களைப் பார்த்தார், கும்பிடுகிறவர்களைப் பார்த்தார். "இப்படியே எத்தன நாளைக்குக்கா?"

விஜயராணி குக்கர் மூடியைத் திறந்து, வெந்திருக்கிறதா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள்.

"நான் செத்தவ தம்பி. எனக்கு என்ன அவசரம்?"