பதினொன்றிலிருந்து உடைகிறது

மல்லேஸ்வரத்தில் இருந்த அந்த அலுவலகத்தில் ஸ்ரீகண்டன் பதினாலு வருஷமாக ஜாவா எழுதுகிறவர். ஏழு பேருக்கு லீட். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எல்லோருடைய கோடிங்கையும் சேர்த்துக் கட்டும் பில்ட் வேலை சர்வரில் தோற்றுப்போயிருந்தது. கடைசியாகச் சேர்த்தவள் பிரிஸில்லா. வேலைக்கு வந்து நாலு மாதம்தான். சர்வர் தந்த பிழைப் பட்டியலைத் திறக்காமலே மீட்டிங்கில் அவளைக் கேட்டார்.

"டெஸ்ட் பண்ணாம எப்படி அனுப்பின?"

"பண்ணேன் சார். என் லேப்டாப்ல ஓடுச்சு."

"என்னோடதும்தான் என் லேப்டாப்ல சுத்தமா ஓடுது. உன் கோடிங்கை எடு முதல்ல."

வெள்ளிக்கிழமை அவள் காட்டவிருந்த டெமோவை, ஏழு பேரில் இன்னொருவனான முகேஷிடம் கொடுத்தார்.

அவள் எடுத்த பிறகும் பில்ட் உடைந்தது. மத்தியானம், எல்லோரும் பார்க்கும் சாட் குழுவில் போடாமல், அவருக்கு மட்டும் எழுதினாள்: "சார், ஜாவா எட்டு, பதினொண்ணு, பதினேழு மூணு வெர்ஷன்லயும் போட்டுப் பார்த்தேன். எட்டுல வருது. பதினொண்ணுலேர்ந்து உடையுது. திங்கள்கிழமை சேர்ந்த எக்ஸ்எம்எல் ஃபைல்தான் காரணம்."

அந்த ஃபைல் அவருடையது. எட்டில் ஜாவாவோடு கூடவே வந்த ஒரு பகுதியை அதில் பயன்படுத்தியிருந்தார். பதினொன்றில் அதை நீக்கிவிட்டிருந்தார்கள். சர்வரில் இருந்தது பதினேழு. அவர் லேப்டாப்பில் எட்டு. எல்லோரும் பதினேழுக்கு மாறுங்கள் என்று ஜனவரியில் மெயில் போட்டவரே அவர்தான்.

பிழைப் பட்டியலைத் திறந்தார். முதல் வரியிலேயே அந்த ஃபைலின் பெயர் இருந்தது. காது சுட்டது.

நீக்கப்பட்ட அந்தப் பகுதியைத் தனி லைப்ரரியாகச் சேர்த்தார். பில்ட் தேறியது. 'சரியாகிவிட்டது' என்று மட்டும் குழுவில் போட்டார். "காப்பாத்திட்டீங்க சார்" என்று முகேஷ் எழுதினான். அவர் மறுக்கவில்லை.

சாயங்காலம் லிங்கராஜபுரம் பஸ்ஸுக்காகப் பிரிஸில்லா நிற்பதைப் பார்த்தார். அவள் திரும்புவதற்குள் காபிக் கடைக்குள் நுழைந்துகொண்டார். வாங்கிய காபியைக் குடிக்காமலே வைத்துவிட்டு, பஸ் போன பிறகுதான் வெளியே வந்தார்.

மறுநாள் மீட்டிங்கில் சொன்னார். "உடைச்சது நான்தான். என்கிட்ட இருந்தது பழைய ஜாவா. கண்டுபிடிச்சது பிரிஸில்லா. நேத்து மூணு மணிக்கே எனக்குத் தெரியும், சொல்லல. டெமோ அவங்களே காட்டட்டும்."

எல்லோரும் எழுந்துபோன பின் அவள் அருகில் வந்தாள்.

"நேத்து வீட்ல, வேலையை விட்டுடவான்னு அம்மாகிட்ட கேட்டேன் சார்."

"மன்னிச்சிடும்மா" என்றார். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை டெமோவை அவள் நன்றாகவே காட்டினாள். ஒரு சந்தேகத்துக்குக்கூட அவர் பக்கம் திரும்பவில்லை.