கழுத்து விடாத ஸ்வெட்டர்

கையுறையில் ஆறு விரல் இருந்ததால், அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்திலேயே மூத்தவனுக்கு இரண்டு கையிலும் ஆறாவது விரல் முளைத்தது. வலி ஒன்றும் இல்லை, நகம் வளரத்தான் கொஞ்சம் நாளாயிற்று. அவன் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். விரல் கூடியதும் வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது, மீதிப் பொழுதை எப்படிக் கழிப்பது என்பதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒருநாள் வக்கீல் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவன் கையையே பார்த்துவிட்டு, “முன்னாடியே இப்படியா?” என்று கேட்டார். “இல்ல சார், கிறிஸ்துமஸுக்கு வந்தது” என்றான். “நல்லதாப் போச்சு” என்று சொல்லி அவர் இன்னொரு கட்டுக் காகிதத்தை அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

கையுறையைப் பின்னியது பெரியம்மா. தங்கை போய்ச் சேர்ந்த பிறகு அவள் பெற்ற மூன்றையும் தூக்கி வந்து, கல்யாணம் காட்சி என்று தனக்கு ஒன்றும் பார்த்துக்கொள்ளாமல், கம்பளிக்கடைக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தே ஆளாக்கிவிட்டவள். அவள் கண்டிப்பு ஒரே ஒரு விஷயத்தில்தான். யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு கிடையாது. அடித்து வளர்த்த பழக்கம் என்றாலும் ஒருநாள் விட்டுப்போகும், இது பாசத்தால் ஊறிய பழக்கம், சாமான்யத்தில் போகுமா? அவளுக்குப் பார்வை மங்க ஆரம்பித்த பிறகும் மூன்று பேரும் கிறிஸ்துமஸ் காலையில் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே எந்தக் கண்ணராவி இருந்தாலும் மாட்டிக்கொண்டு, எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு பெரியம்மா என்றார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? உடம்பு காப்பாற்றியது. ஸ்வெட்டர் உடம்புக்குப் பொருந்தாதபோது உடம்பு ஸ்வெட்டருக்குப் பொருந்திக்கொண்டது. அவ்வளவுதான் சங்கதி.

நடுவில் பிறந்தவள், சின்னவனுக்கு அக்காக்காரி, பஸ் கண்டக்டர். அவளுக்குக் கிடைத்த மேல்சட்டையில் ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் இருந்தது. தோள் ஏறிய பக்கம் டிக்கெட் பையை மாட்டினாள், அதற்குப் பிறகு எந்தத் திருப்பத்திலும் பை நழுவியதே இல்லை. அவள் கட்டிய மாப்பிள்ளைக்குக் கழுத்துத்துணி ஒன்று வந்தது. பெரியம்மாவுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை போல, சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து வந்தவராக இருந்தாலும் மனுஷன் மரியாதை தெரிந்தவர், மனசாரச் சொன்னார். இப்போது சினிமா கொட்டகையில் யார் தலை மறைத்தாலும் அவருக்குக் கவலை இல்லை, பின்வரிசைக்காரர்கள்தான் முணுமுணுக்கிறார்கள். சின்னவன் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன். இடது கை மட்டும் தரைவரை தொங்கிச் சுருண்டு கிடக்கும் ஸ்வெட்டரை வாங்கிக்கொண்ட பிறகு அவனுக்கு எட்டாத மூலை என்று எந்த வீட்டிலும் ஒன்று இல்லாமல் போயிற்று. பூனைக்குக்கூட ஒரு வருஷம் சட்டை வந்தது. அதில் கால் விட ஐந்து ஓட்டை. பூனை வாயால் சொல்லுமா என்று அதன் சார்பில் அக்காக்காரியே சொல்லிவிட்டாள். ஐந்தாவது காலைப் பூனை பெரும்பாலும் மடக்கித்தான் வைத்திருக்கும், மதில் தாண்டும்போது மட்டும் இறக்கும்.

கேட்கிறவர்களுக்குத் தோன்றும், ஒருத்தராவது வாயைத் திறந்து அளவு சரியில்லை என்று சொன்னால் என்ன? சொன்னார்கள். மாப்பிள்ளையின் தம்பி ஒரு வருஷம் விருந்தாளியாக வந்தவன், சட்டையை மாட்டிப் பார்த்துவிட்டு, கக்கத்துல புடிக்குதுங்க என்று சொல்லித் தொலைத்தான். பெரியம்மா சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தடவிப் பார்த்தாள், சாப்பிடாமலே எழுந்து போனாள். அன்றிலிருந்து ஒரு வாரம் அந்த வீட்டில் எந்த முடிச்சும் நிற்கவில்லை. செருப்பு வார் அவிழ்ந்தது, கொடிக்கயிறு அவிழ்ந்தது, பித்தான்கள் பொலபொலவென்று உதிர்ந்தன, ஜன்னல் திரைகள் நூலாகிப் போயின. மூத்தவன் கோர்ட்டுக்குப் போனபோது நீதிபதி எதிரிலேயே கால்சட்டை இறங்கிவிட்டது. அந்த மானக்கேட்டை அவன் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்வான். பெரியம்மா சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் முடிச்சுகள் நின்றன. அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் சின்னவனைக் கட்டிக்கொண்டு வந்தாள் ஒருத்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, அதனால் கண்ணாடிக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. முதல் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு வந்த காலுறை ஜோடியில் ஒன்று பெரியவர்களுடையது, ஒன்று பள்ளிக்கூடப் பிள்ளையுடையது. புது மருமகள் ஆயிற்றே, சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அன்று முதல் செருப்பு வாங்கப் போனால் இரண்டு ஜோடி வாங்கி, வெவ்வேறு அளவில் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு மீதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறாள். புருஷன் கை நீண்டதும் அதே கிறிஸ்துமஸில்தான். அவளுக்குக் கோபம் வரவில்லையா என்றால் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது? பெரியம்மா அவள் கன்னத்தைத் தடவி, சூடா இருக்காம்மா என்று கேட்கும்போது கோபம் பாதி வழியில் திரும்பிப் போய்விடும். தன் கால்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. அப்போதும் அவள் யோசிக்கவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கிய ஒரு நாள் பெரியம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுபோனவள் மடியில் இருந்ததைப் பார்த்தாள். மஞ்சள் நிறத்தில் சின்ன ஸ்வெட்டர், கை இரண்டும் ஒரே அளவில் அழகாக இருந்தன. மேலேதான் ஒன்றுமே இல்லை. கழுத்து விட வேண்டிய இடத்தில் ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை கெட்டியாக, பையின் வாயைத் தைத்த மாதிரி மூடியிருந்தது. கை நீளலாம், கால் சுருங்கலாம், கழுத்தே இல்லையென்றால் தலை எங்கே போகும்? “முடிஞ்சிடுச்சும்மா” என்றாள் பெரியம்மா. “எம் பேத்திக்கு இதுமாதிரி நான் யாருக்குமே பின்னினதில்ல.”

புருஷனிடம் சொன்னாள். “பாத்துக்கலாம்” என்றான். அந்த வீட்டு ஆண்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். மூத்தவனிடம் சொன்னாள். “கழுத்து இல்லன்னா சங்கிலி வாங்கற செலவு மிச்சம்” என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் அவனே வாயைப் பொத்திக்கொண்டான், பன்னிரண்டு விரலாலும். ஸ்வெட்டரை எடுத்து ஒளித்து வைக்கலாம் என்றால் பெரியம்மா அதை மடியைவிட்டு இறக்கவே இல்லை. குழந்தைக்காக நாம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று அக்காக்காரியைக் கேட்டாள். “சொல்லாம இருக்க முடியுமா உன்னால? அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு?” என்று திருப்பிக் கேட்டாள் அவள். முடியாது என்று கண்ணாடிக்காரிக்கும் தெரியும்.

கடையில் உட்கார்ந்து யோசித்தாள். பெரியம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூப்பிடாதவர்கள் கிடையாது. என் கண்ணுக்கு என்ன கேடு, இப்பவும் ஊசியில நூல் கோக்கறேனே என்று நூல் இல்லாத ஊசியைத் தூக்கிக் காட்டுவாள். பவர் தெரியாமல் கண்ணாடி எப்படிக் கொடுப்பது? அப்போதுதான் கண்ணாடிக்காரிக்கு உறைத்தது. அடப்பாவமே, பவர் எதற்கு? இந்த வீட்டில் பரிசாகக் கொடுத்தால் கண்தானே கண்ணாடிக்கு ஒத்துப்போகும்! ஜன்னலில் அழகுக்கு வைத்திருந்த வெறும் கண்ணாடி ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கினாள். பவரே இல்லாத கண்ணாடி ஒருவருக்குக் கச்சிதமாகப் பொருந்த வேண்டுமென்றால் அந்தக் கண்ணில் குறையே இருக்கக் கூடாது. ஒரே பயம், பெரியம்மாவுக்கு இதெல்லாம் பலிக்குமா என்பதுதான். ஏனென்றால் அவளுக்கென்று யாரும் எதுவும் கொடுத்ததில்லை. வருஷா வருஷம் எல்லோரும் கம்பளி நூல் உருண்டையைத்தான் கொடுத்துவந்தார்கள், அவளும் அதை அவர்களுக்கே பின்னிக் கொடுத்துவந்தாள். இதை நினைத்ததும் கண்ணாடிக்காரிக்கு வெட்கமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் வயசு வரிசைப்படி பிரிப்பார்கள், ஆகவே முதல் பொட்டலம் பெரியம்மாவுடையது, கடைசி குழந்தையுடையது. பெரியம்மா தடவிப் பார்த்தாள். முகம் சுருங்கியது. “என் கண்ணுக்கு என்ன?” என்றாள். கண்ணாடிக்காரி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “ஆசையா வாங்கினேன் பெரியம்மா” என்று கெஞ்சினாள். அந்தக் குரல்தான் காரியத்தை முடித்தது என்று பிற்பாடு மாப்பிள்ளை சொன்னார். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் மூன்று பேருக்குச் சோற்றோடு சேர்த்து ஊட்டிய வாக்கியத்தைச் சொன்னாள். “எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா.”

சுவரையும் மூலையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு, “இந்த வீட்ட யாருமே ஒட்டடை அடிக்கறதில்லையா?” என்று கேட்டாள். மாப்பிள்ளை நீண்ட கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு சிரித்துவிட்டார். பெரியம்மா சிரிக்கவில்லை. கையை நீட்டிக் குழந்தையை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, மூக்கையும் உதட்டையும் காது மடலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “என் தங்கச்சி உதடுடா இது” என்றாள். “ஏன்டா ஒருத்தரும் சொல்லல?” கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது, கழற்றித் துடைத்துவிட்டு வெறும் கண்ணாலேயே மறுபடி பார்த்தாள். அப்போதும் தெரிந்தது.

வரிசையையெல்லாம் மறந்து, குழந்தையைச் சின்னவன் மடியில் விட்டு, அதன் பொட்டலத்தை அவளே பிரித்தாள். மஞ்சள் ஸ்வெட்டரை விரித்துப் பிடித்தாள். “எந்தக் குருட்டு முண்டம் பின்னினது இது? கழுத்து எங்க?” மூத்தவன் விட்டத்தைப் பார்த்தான். அந்தக் குருட்டு முண்டம் தான்தான் என்று பெரியம்மாவுக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. மேல்வரிசையைப் பிரித்து, ஊசியை எடுத்து, எல்லோரும் பசியோடு காத்துக் கிடக்க அங்கேயே உட்கார்ந்து கழுத்தைப் பின்னி முடித்தாள். சின்னவன் மடியில் இருந்த குழந்தைக்கு அதை மாட்டினாள். பழக்க தோஷத்தில் எல்லோரும் வாயைத் திறந்தார்கள். “யாரும் சொல்ல வேணாம், நானே பாத்துச் சொல்றேன்” என்று அதட்டி, முன்னும் பின்னும் பார்த்து, இழுத்துப் பார்த்து, “சரியா இருக்கு” என்றாள். கண்ணாடிக்காரி அங்கேயே அழுதுவிட்டாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பார்வை வந்தவள் பார்க்காமல் இருப்பாளா? குழந்தையைத் தாங்கியிருந்த சின்னவனின் இடது கையில் அவள் கண் பட்டது. தோளிலிருந்து ஆரம்பித்து, குழந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, நாற்காலிக்குப் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து விரலில் முடிந்தது அந்தக் கை. “இது என்னடா கை?” என்று கேட்டாள். கேட்ட குரலிலேயே பாதி பதில் இருந்தது. பொட்டலம் கட்டிய கயிறு தானாக அவிழ்ந்தது. மூத்தவன் அவசரமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இப்போதுதான் போட்ட கழுத்தின் மஞ்சள் நூல் ஒரு கண்ணி, இரண்டு கண்ணி என்று நழுவ ஆரம்பித்தது.

“பொறந்ததுலேர்ந்தே இப்படித்தானே பெரியம்மா” என்றான் சின்னவன்.

“நான் வளத்தவடா. எனக்குத் தெரியாதா?” அவன் பேச்சை நம்பாமல் அவள் கண்ணாடிக்காரி பக்கம் திரும்பினாள். “நீ சொல்லும்மா. நீ வெளியிலேர்ந்து வந்தவ, கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவ. நீ இவன மொதல்ல பாத்தப்ப இந்தக் கை எப்படி இருந்துச்சு?”

முதலில் பார்த்தது கண்ணாடிக் கடைக்கு அவன் பெயர்ப்பலகை எழுத வந்த அன்று. அவன் ஏணிமேல் நின்றிருந்தான். ஏணி ஆடியது, கடையிலிருந்து ஓடிவந்து பிடித்துக்கொண்டவள் இவள்தான். மத்தியானம் முழுக்கப் பிடித்துக்கொண்டே நின்றாள், அவன் வேண்டுமென்றே மெதுவாக எழுதினான். கல்யாணம் ஆகும்வரை அந்த ஏணியை நினைத்துத்தான் அவள் தூங்கினாள், ஆன பிறகும் சண்டை வந்தால் அதை நினைத்துத்தான் சமாதானம் ஆனாள். அவளிடம் இருந்த விலை உயர்ந்த பொருள் அது ஒன்றுதான். இந்த வீட்டில் சொன்ன சொல் என்ன செய்யும் என்பதும் அவளுக்குத் தெரியும். கை அப்போதே நீளம் என்றால் ஏணி எதற்கு? குழந்தையின் கழுத்தடியில் நூல் பிரிந்துகொண்டே வந்தது.

“இதே மாதிரிதான் இருந்துச்சு பெரியம்மா” என்றாள் கண்ணாடிக்காரி. “மொத நாளே கவனிச்சேன்.”

நூல் நின்றது. பெரியம்மா பெருமூச்சு விட்டு, நழுவிய கண்ணிகளை எடுத்துப் போட்டாள். “நான்தான் கண்ணு தெரியாம கவனிக்கல போல” என்றாள். பிறகு மூத்தவனின் விரலைக் காட்டி, இதுவுமா என்று கேட்டாள், இதுவும்தான் என்றார்கள் எல்லோரும். பூனையையும் காட்டினாள், அதற்கும் அப்படியே சொன்னார்கள். சாப்பாடு போட்டார்கள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அம்மாவும் அப்பாவும் எப்படிப் பழகினார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்காரி அலுக்காமல் சொல்வாள். “உங்கப்பா போர்டு எழுத வந்தாரு. ஏணியெல்லாம் எதுவும் கெடையாது, தரையில நின்னுக்கிட்டே மேல எழுதினாரு. நான் சும்மா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.” சொல்லும்போது அவளுடைய இரண்டு கையும் எதையோ இறுகப் பிடித்துக்கொள்ளும். ஏன் என்று அவளுக்குத் தெரியாது.