மூலை வராத சுவர்

உயர்ந்த மலைமேல் இருக்கும் ஒருரோ நகரத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வடக்குச் சுவருக்கு, அனக்லேத்தோ உவராச்சி பெயின்ட் அடிக்க வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரைக்கும் மூலை இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. தெருவில் நின்று பார்த்தால் கட்டடம் எப்போதும்போல மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே நுழைந்தால் சுவர் மேற்கே போய்க்கொண்டே இருக்கும். நகராட்சிப் பொறியாளர் வந்து வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை அளந்தார். இரண்டு அளவும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆள் நடமாட்டமுள்ள இடங்களில் பெயின்ட் அடிப்பதில் அனக்லேத்தோவை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. கடையை மூட வேண்டாம், அலுவலகத்துக்கு லீவு விட வேண்டாம். கம்ப்யூட்டர்களின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பார், பெஞ்சைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வார், அவ்வளவுதான். வரிசையில் நிற்பவர் சட்டையில் ஒரு சொட்டு விழாது. ஆனால் அந்த உயரத்தில், அந்த வறண்ட காற்றில், கையை எடுப்பதற்குள் பெயின்ட் காய்ந்துவிடும். ஜன்னல்களை அடைத்து, சுவரில் தண்ணீர் தெளித்து, ஈரத்தின் ஓரம் காய்வதற்குள் அடுத்த பட்டையை இழுத்துவிட வேண்டும். நடுச்சுவரில் ரோலரை வைத்தால் போச்சு, நின்ற இடத்தில் கோடு விழும். பிறகு எத்தனை தடவை அடித்தாலும் அது பல்லிளிக்கும். அதனால் ஒரு சுவரைத் தொட்டால் மூலை வரைக்கும் நிற்கக் கூடாது. மற்ற பெயின்டர்களுக்கு இது தொழில் விஷயம். அனக்லேத்தோவுக்கு வேதம்.

அவர் மனைவி பசீலியாவுக்கு இரத்தம் கெட்டியாகிவிட்டது. அந்த மலை ஊர்களில் வருகிற நோய்தான். உதடு நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவாள். கீழே கொச்சபாம்பா பக்கம் குடிபோனால் பிழைப்பாள், இங்கேயே இருந்தால் பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். "இந்த ஒரு சுவர் முடியட்டும்" என்று சொல்லியே அனக்லேத்தோ இரண்டு பயணங்களைத் தள்ளிப்போட்டிருந்தார். மூன்றாவது தடவை பசீலியா மூட்டையைக் கட்டிக்கொண்டு தானே பஸ் நிலையத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் வந்தால்தான் ஏறுவேன் என்று தங்கை செனோபியாவைச் சங்கத்துக்கு விரட்டினாள்.

"மச்சான், பஸ்ஸுல ஆள் ஏத்திட்டு இருக்கான். அக்கா ஏற மாட்டேங்குறா. கிளம்புங்க."

"இதோ, அந்த மூலை வரைக்கும்தான். பாதியில கைய எடுத்தா கோடு விழுந்துரும்."

"விழுந்தா விழட்டுமே! காலையில அக்கா உதட்டப் பாத்தீங்களா நீங்க?"

"மூலை வந்ததும் ஓடி வர்றேன்னு சொல்லு."

இன்னும் ஆறேழு பட்டைதான் பாக்கி இருந்தது. அதை அடித்தார். அப்போதும் ஆறேழு பட்டை பாக்கி இருந்தது. மூலை கண்ணுக்கு முன்னால் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி தள்ளிப் போனது. ரோலரைக் கீழே வைத்திருக்கலாம். அவர் கையை யாரும் கட்டிப்போடவில்லை. வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பஸ் போயிற்று. அந்த வாரத்துப் பஸ்களும் போயின. சங்கத்துக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. செயலாளர் ஒவிதியோ தெராசாஸ் கணக்குத் தெரிந்த மனிதர். வாடகை கூடாமல் இடம் கூடுகிறது என்று புரிந்துகொண்டு புதுச் சுவரோரமாகப் புதுக் கவுன்டர்கள் போட்டார், பெயின்ட் வாளிகள் தட்டாமல் வந்து சேர ஏற்பாடு செய்தார். அனக்லேத்தோ வலக்கையால் அடிக்கும்போது இடக்கை தூங்கும், இடக்கையால் அடிக்கும்போது வலக்கை தூங்கும். வரிசையில் நிற்கும் பெண்கள் அவர் வாயில் அவித்த உருளைக்கிழங்கும் சீஸும் ஊட்டிவிட்டார்கள். அது கடலைப் போரில் பறிகொடுத்த நாடு. "இப்படியே மேக்கால போனா நமக்குக் கடல் கிடைச்சிரும் மேஸ்திரி, நிறுத்திராதீங்க!" என்று கேலி பேசினார்கள். அவர் சிரித்தார்.

பசீலியா பஸ் நிலையத்திலிருந்து எழுந்து சங்கத்துக்கே வந்துவிட்டாள். காத்திருப்போர் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் நகர நகர, பக்கத்தில் இருப்பவர்கள் அவளோடு சேர்த்து பெஞ்சையும் இழுத்துவிட்டார்கள். வருஷங்கள் இப்படிப் போயின. அவள் உதட்டில் இருந்த கருப்பு விரல் நகங்களுக்கும் வந்தது.

"கொச்சபாம்பால பெயின்ட் காய அரை நாள் ஆகுமாமே. நிசமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆகும். அடிச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போய் சாப்பிட்டுத் தூங்கிட்டு வரலாம்."

"அப்படி ஒரு ஊர் இருக்கும்போது இங்க என்னய்யா பண்ணிட்டு இருக்கோம் நாம?"

"வந்துரும் பசீலியா. மூலை தெரியுது பாரு."

அவள் பார்த்தாள். மூலை தெரியத்தான் செய்தது. அவர் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் எழுந்து போக மூச்சு இல்லை, தனியாகப் போக மனசும் இல்லை. ஒரு மழையில்லாத ஆகஸ்ட் மாதத்துக் காலையில், கவுன்டர்கள் சுறுசுறுப்பாக இருந்த நேரத்தில், பெஞ்சை நகர்த்த வந்தவர்கள் அவள் இறந்திருப்பதைக் கண்டார்கள். வாசலில் இருந்து அவ்வளவு தூரமும் நடந்து செனோபியா வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரைக்கும் அனக்லேத்தோ அடித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணீர் கன்னத்தில் பாதி வழி வருவதற்குள் அந்தக் காற்றில் காய்ந்துபோனது. தங்கை அக்காவின் முகத்தைத் துணியால் மூடினாள். அப்போதுதான் அவர் ரோலரைக் கீழே வைத்தார். ஈரத்தின் ஓரம் அவர் கண்ணெதிரே காய்ந்து, நின்ற இடத்தில் கோடு விழுந்தது.

செயலாளர் அரக்கப்பரக்க ஓடிவந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"எங்க மேஸ்திரி கோடு?"

"இதோ இங்க."

"ஒண்ணும் இல்லையே. பிரமாதமா இருக்கு!"

அனக்லேத்தோ அவர் விரலைப் பிடித்துச் சுவரில் வைத்துக் காட்டினார். வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். எல்லோரும் மரியாதைக்காகக் குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சத்துக்கு விலகி நின்றுகூடப் பார்த்தார்கள். அவரைத் தவிர ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. கடைசியில் செனோபியா பார்த்தாள். முகத்தைச் சுவரோடு ஒட்டவைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்காகவா மச்சான்?" என்றாள்.

அனக்லேத்தோ பெஞ்சருகே குனிந்தார். பசீலியாவைத் தோளில் போட்டுக்கொண்டு, தான் அடித்த சுவர் நெடுகிலும் நடந்து வாசலுக்கு வந்து, சாயங்கால பஸ்ஸில் அவளைக் கொச்சபாம்பாவுக்குக் கூட்டிப்போனார். கண்டக்டர் ஜன்னலோர சீட்டைக் கொடுத்தான். அடுத்த திங்கட்கிழமை சங்கம் வேறொரு பெயின்டரை வைத்தது. பழைய ஆள் எங்கே விட்டான் என்று புதியவர் கேட்டார். யாருக்கும் காட்டத் தெரியவில்லை. வாளி இருந்த இடத்திலிருந்து அவர் தொடங்கினார். சுவர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. பென்ஷன் பிரிவு இப்போது அந்தக் கோடியில்தான். போகிறவர்கள் கையோடு சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார்கள்.