தியாகராசாவின் வெள்ளத் திட்டம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த அந்த அடுக்குமாடியின் சங்கத் தலைவர் தியாகராசா எந்த வெள்ளத்துக்கும் தயாராக இருந்தார். காலநிலை மாறுகிறது, சனம் இடம்பெயரும், வசதியுள்ள நாங்கள் முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கினார். நாற்பது பக்கத்தில் திட்டம் எழுதினார். மேல்மாடி மண்டபத்துக்கு அறுபது பாய் வாங்கிப் போட்டார். எல்லாம் சரி, சனம் உண்மையாகவே வரும் என்று மனிசன் நினைக்கவில்லை என்பது மனைவி அருந்ததியின் கட்சி.

சனம் வந்தது. களனி கங்கை பெருகி ஒருகொடவத்தையில் கூரைவரை தண்ணீர். அவர்கள் வீட்டில் ஒன்பது வருடமாகச் சமைக்கும் சீனியம்மா, மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் சொட்டச் சொட்ட வாசலில் நின்றாள். பள்ளிக்கூட முகாமில் இடமில்லையாம். வீடுகளில் வெளியார் தங்கக் கூடாதென்று சங்கத்தில் விதி. அதை எழுதியவரும் தியாகராசாதான். மேல்மாடி மண்டபப் பூட்டைத் திறக்க அருந்ததி திறப்பைக் கேட்டாள். அவர் தன் திட்டத்தோடு இணைத்திருந்த படிவத்தை நீட்டினார்.

"முதல்ல இதை நிரப்பட்டும்."

"இஞ்சாருங்கோ, பிள்ளையள் குளிரிலை நடுங்குதுகள்."

"சிஸ்டம் எண்டு ஒண்டு இருக்கு, அருந்ததி."

தியாகராசா கேட்க, சீனியம்மா சொல்லச் சொல்ல அருந்ததி எழுதினாள். வந்த நோக்கம்? "தண்ணிங்க ஐயா." எத்தனை நாள் தங்குவீர்? "ரெண்டு கிழமைங்க, பதினாலு நாள். தண்ணி வடிஞ்சா போயிருவோம்."

தியாகராசா தலையாட்டினார். "ரெண்டு கிழமை எண்டு வாறவை லேசிலை எழும்பாயினம். ஞாயிற்றுக்கிழமை கொமிட்டி கூடி முடிவெடுப்பம்."

அன்று செவ்வாய். அருந்ததிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறென்று உள்ளே போய் அலுமாரியைக் குடைந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் வீட்டை விட்டு ஓடும், ஃபைலை விட்டு ஓடாது. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது: தொண்ணூற்றாறில் போரால் இடம்பெயர்ந்து வந்தபோது லொட்ஜில் பொலிஸ் பதிவுக்காகத் தியாகராசா நிரப்பிய படிவத்தின் பிரதி.

"வாசியுங்கோ. பலமா."

கண்ணாடியைப் போட்டார். "கொழும்புக்கு வந்த நோக்கம்: உயிர் தப்ப. தங்கும் காலம்..." குரல் இறங்கிவிட்டது.

"கேக்கேல்லை."

"ரெண்டு கிழமை."

முப்பது வருடமாக வெள்ளவத்தையில் இருக்கும் சங்கத் தலைவருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சின்னப் பேரன் தும்மினான். அவர் பொக்கற்றைத் தடவித் திறப்பை எடுத்தார்.

"ஐயா, படிவத்துல இன்னும் ரெண்டு பக்கம் இருக்குங்களே," என்றாள் சீனியம்மா.

"அதை விடு. பாய் அறுபது கிடக்கு. உன்ரை அயலட்டைச் சனத்தையும் வரச் சொல்லு."