கோழி அடைகாத்த கார்

காரின் பின் சீற்றில் கோழியொன்று அடைகாத்துக் கிடந்தது. தோட்டத்துத் துரையின் கொட்டிலிலிருந்து இரண்டு சோடி மாடு பூட்டி ஏறாவூர் வரை இழுத்து வந்தும் அது எழும்பவில்லை. கையை நீட்டிய உசனாரின் பெருவிரலைக் கொத்தி இரத்தம் பார்த்துவிட்டது. "முட்டையோட சேத்துத்தான் துரை தந்திரிக்கார்," என்று விரலைச் சூப்பிக்கொண்டே சிரித்தான். அவன் பொஞ்சாதி கைறுன்னிஸாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சீதனமாக வந்த வளவின் முற்றத்தில் பாதியை எட்டு வருசத்துத் துரு அடைத்துக்கொண்டு நின்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் சிரிப்பு வரும்?

உசனார் நெல்லு மில்லில் எஞ்சின் பார்க்கிறவன். மூன்று வருசத்துக்கு முன் தலைப்பிள்ளைப் பேற்றுக்குக் கைறுன்னிஸாவுக்கு நோவு கண்டு, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் புறப்பட்டார்கள். தன்னாமுனையைத் தாண்டும் முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளை அழவேயில்லை. அதைப் பற்றி உசனார் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது அவளுக்கு ஐந்து மாதம். வாய் திறக்காதவன், துரை வேண்டாமென்று கழித்த பேபி ஒஸ்ரின் என்ற குட்டிக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

மில் விட்டால் காரடிதான். கறையான் தின்ற பலகைகளைப் பிடுங்கிவிட்டு முதிரை மரச் சட்டம் வைத்தான். எலி கடித்த வயர்களை மாற்றினான். ரேடியேற்றர் ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தான். மில்லில் கழித்த பெல்ற் துண்டு பிரேக்குக்குப் போனது. யுத்த காலம், புது ரியூப் கண்ணில் காணவும் கிடைக்காது. மூன்று சில்லுக்கு ஒட்டுப் போட்ட ரியூப், நாலாவதற்குத் தென்னந்தும்பு. பொஞ்சாதியிடம் ஒரு வாய் பேச நேரமில்லாத மனிசன் என்று திட்டிக்கொண்டே அந்தத் தும்பை அடித்துத் திணித்தவள் கைறுன்னிஸாதான். ஓடும்போது அந்தச் சில்லு நொண்டும் என்று ஊர் சிரித்தது. நொண்டத்தான் செய்தது.

முதன்முதலாக எஞ்சின் இருமி, புகை கக்கி, பிறகு நிற்காமல் ஓடியபோது உசனார் பொனற்றில் கையை வைத்தபடி குனிந்து நின்றான். அழுகிறான் என்பது கிட்டப் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்தக் கார் அவளுக்குப் பிடித்துப்போனது.

பட்டணத்தில் சோதித்து, றோட்டில் ஓடலாமென்று கடுதாசி கொடுத்தார்கள். கூப்பனுக்குக் கிடைத்த பெற்றோலில் மிஞ்சியது ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய் வரத்தான் காணும். அடுத்த கூப்பனுக்கு இன்னும் பதினைந்து நாள். அவளுக்கோ மாதம் நிறைந்துவிட்டது, பிள்ளை பத்து நாளுக்குள் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். பெற்றோல் தாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்ப்பது உசனாருக்குத் தொழுகைக்கு அடுத்த கடமையாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தூறல். ஜும்ஆ முடிந்து வந்து உசனார் சோற்றில் கை வைத்த நேரம், கனகசிங்கம் வேலியடியில் வந்து நின்றான். வயல் வட்டைக்கு அப்பால் இருக்கிறவன். மூன்று வருசத்துக்கு முன் கைறுன்னிஸாவை ஏற்றிக்கொண்டு போனது அவனுடைய மாட்டு வண்டிதான். விரட்டிய விரட்டில் ஒரு மாட்டுக்குக் கால் முறிந்துபோனது. அதற்காக அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

"காக்கா, பொஞ்சாதிக்கு நேத்தையில இருந்து நோவு. மருத்துவிச்சி கையை விரிச்சிட்டா. றெயிலும் போயிட்டு. மில்லு லொறி நிக்கிதா எண்டு கேப்பமெண்டுதான் வந்தனான்."

முற்றத்தில் நின்ற காரை மட்டும் அவன் பார்க்கவேயில்லை.

"லொறி பதுளைக்குப் போயிரிக்கி," என்றான் உசனார். உண்மைதான். ஆனால் பிசைந்த சோறு வாய்க்குப் போகவில்லை. அவன் கண் கைறுன்னிஸாவின் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது.

கொடுக்கக்கூடாது என்றுதான் அவளுக்கும் முதலில் தோன்றியது. இது என் பிள்ளைக்கு வந்த கார், நான் தும்பு திணித்த கார். கூடவே போய்ப் பட்டணத்தில் இருந்துவிடலாமென்றால், அந்தக் குருவிக்கூட்டில் ஒருத்தி படுத்தால் மற்றவளுக்கு இடமில்லை. வெட்கத்தை விட்டு அவ்வளவையும் நினைத்துப் பார்த்தாள்.

"சரி காக்கா, நான் வண்டியைப் பூட்டுறன்," என்று கனகசிங்கம் திரும்பினான்.

அந்த வண்டியில் படுத்திருந்து பார்த்த வானம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது எப்படித் தூக்கிப் போட்டதென்று அவளுக்குத்தான் தெரியும்.

"அண்ணே, நில்லுங்க." பிறகு புருசனிடம் சொன்னாள்: "கையைக் கழுவுங்க."

"புள்ள, உனக்கு..."

"எனக்கு இன்னும் நோவு வரல்லதானே. அவக்கு வந்திட்டு. எழும்புங்க."

உசனார் அவளையே பார்த்தான். கோபமா கும்பிடுதலா என்று சொல்ல முடியாத பார்வை. எழுந்து போய் எஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினான். தன் பேற்றுக்கென்று தோய்த்து மடித்து வைத்திருந்த பழஞ்சீலைகளை அவள் பின் சீற்றில் விரித்துவிட்டாள். கனகசிங்கம் முன் சீற்றில், சாய்ந்தால் காருக்கு நோகும் என்பவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கார் வேலியைக் கடந்து வட்டைப் பக்கம் திரும்பியது. சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை கைறுன்னிஸா அசையவில்லை. நனைந்து கறுத்த முற்றத்தில் கார் நின்ற இடம் மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடந்தது, பாய் விரித்த அளவுக்கு. தூறல் கனத்தது. முதல் துளி அதன் நடுவில் விழுந்தது, பிறகு இன்னொன்று. அவள் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள்.