இருட்டு மின்சாரம்

கதவு மூன்றாவது உதையில் பிளந்தது. தாழ்ப்பாள் தெறித்து யோகலட்சுமியின் நெற்றியைக் கிழித்தது.

வந்தவன் அவள் கணவனின் அண்ணன் வீரபாண்டி. போர்வையை உருவினான். முடியைப் பிடித்துத் தூக்கினான்.

"எவங்கிட்டட்டி பேசுத? போன் எங்க?"

கணவன் மகாராஜன் ராஜபாளையம் சாலையில் லாரியில் அடிபட்டுச் செத்துப் பதினோரு நாள். செய்தி வந்தபோது அவள் பேருந்தில் இருந்தாள். மூன்று அணு கனமே உள்ள ஒரு படலம் எவ்வளவு மங்கலான வெளிச்சம் வரை உணரும் என்பது அவள் ஆய்வு. பல்கலைக்கழகத்தில் இருட்டு போதவில்லை. வேறொரு கல்லூரியின் இருட்டறைக்குப் படலம் பதித்த சில்லையும் குட்டி விளக்கையும் மின்சாரம் அளக்கும் மீட்டரையும் எடுத்துப்போய்க் கொண்டிருந்தவள், அந்தப் பையோடுதான் பிணத்தின் முன் வந்து விழுந்தாள்.

கையைத் தரையில் வைத்து வளையல்களைக் கல்லால் உடைத்தார்கள். மணிக்கட்டில் கண்ணாடி ஏறியது. பிறகு உள்ளறை. பதினாறாம் நாள் வரை அவள் யார் கண்ணிலும் படக் கூடாது. மாமியார் பார்வதியம்மாள் சன்னலுக்குச் சாக்கு அடித்து, இடுக்குகளில் பழந்துணி திணித்தாள். அப்படி ஓர் இருட்டு எந்த ஆய்வகத்திலும் யோகலட்சுமிக்குக் கிடைத்ததில்லை.

நான்கு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் பையைத் திறந்தாள்.

காற்றுப் பட்டால் படலம் நாளுக்கு நாள் கெடும், காத்திருக்க முடியாது. வெளிச்சமே இல்லாதபோதும் அதற்குள் துளி மின்சாரம் ஓடும். முதலில் அதை அளந்தாள். பிறகு குட்டி விளக்கைப் பத்தில் ஒரு பங்காக, நூறில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டே போனாள். எது வரை மின்சாரம் அந்தத் துளிக்கு மேல் எழுகிறது? மீட்டரின் ஒளி வெளியே இருந்த சில்லில் படாதபடி போர்வைக்குள் அதைப் பார்த்து, எண்ணை வாய்விட்டுச் சொல்லி, நோட்டில் எழுதினாள். ஆய்வகத்தில் ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவார்கள். இங்கே இரண்டும் அவளே. அந்த முணுமுணுப்புதான் வெளியே கேட்டிருந்தது.

அளந்துகொண்டிருந்தேன் என்றாள். மீட்டர் சுவரில் மோதிச் சிதறியது. சில்லு அவன் செருப்பில் நொறுங்கியது. அங்கே ஒன்று இருந்தது என்பதே அவனுக்குத் தெரியாது.

"மூஞ்சில அடிக்காதல," என்றாள் வாசலில் நின்ற பார்வதியம்மாள். "பதினாறுக்கு சனம் வரும்லா."

அவன் வயிற்றில் உதைத்தான். நோட்டு அகப்பட்டது.

"இதெல்லாம் எவன் நம்பரு?"

"கரண்டு, அத்தான்."

ஒரு வரியிலிருந்த இலக்கங்களைத் தன் போனில் அடித்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பெண் குரல். அதற்கும் ஓர் உதை விழுந்தது. நோட்டோடு சித்தப்பா கோமதிநாயகத்தின் செல்போன் கடைக்குப் போனான்.

யோகலட்சுமி சுவரைப் பிடித்து எழுந்தாள். மாமியார் மறித்தாள்.

"இன்னும் அஞ்சு நாள் கெடக்குட்டி."

"நோட்டு மட்டுந்தான் மிச்சம் அத்தை. வழிய விடுங்க."

நண்பகல். கண் கூசியது. வாயில் ரத்தம். எதிரே வந்த இருவர் அவளைப் பார்த்ததும் சகுனத்துக்கு அஞ்சித் திரும்பி நடந்தார்கள்.

கடையில் கோமதிநாயகம் அதற்குள் மூன்று எண்களை அடித்துப் பார்த்திருந்தார்.

"புள்ளி வச்ச நம்பரு எந்த ஊர்லல இருக்கு, கோட்டிக்காரப் பயல?"

அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீரபாண்டி கையை ஓங்கினான். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"அடிங்க அத்தான்," என்றாள். "இங்கன வெளிச்சம் இருக்கு."

கை இறங்கவில்லை. அடி விழவும் இல்லை. அவள் நோட்டை எடுத்தாள். மேசையில் கிடந்த பேனாவால், கதவு பிளந்த கணத்தில் மீட்டர் காட்டிய எண்ணை அட்டவணையின் அடியில் எழுதினாள். ஒளி வந்த இடம் என்ற கட்டத்தில் 'கதவு' என்று நிரப்பினாள்.

மறு வருடம் ஆய்வேட்டைப் பார்த்த தேர்வாளர், அட்டவணையின் கடைசி வரி பொருந்தவில்லை, எடுத்துவிடலாமே என்றார்.

அவள் எடுக்கவில்லை.